பிஸ்பீனால்-ஏ பென்ஸாக்ஸசின்: வார்ப்பில் குமிழி, மூலையில் விரிசல், இரும்புப் பூச்சில் மீன்கண். எங்கே தப்பு?

கேள்வி: பள்ளத்தூர்_ரெசின்

வணக்கம். பிஸ்பீனால்-ஏ, அனிலின், பாராஃபார்மால்டிஹைடு மூன்றிலிருந்தும் கரைப்பான் இல்லாத முறையில் பென்ஸாக்ஸசின் (சூட்டில் வளையம் திறந்து இறுகும் ரெசின்) மோனோமர், அதாவது பாலிமராகும் முன் உள்ள சேர்மம், செய்யப்பட்டது. கீழே பிஏ-ஏ என்று எழுதுவது அதைத்தான். அளவுகள்: பிஸ்பீனால்-ஏ 22.8 கிராம், அனிலின் 18.6 கிராம், பாராஃபார்மால்டிஹைடு 12.0 கிராம். 100 மிலி உருண்டைக் குடுவை, மேக்னட்டிக் ஸ்டிரர். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டு, ஏற்கெனவே 120 டிகிரியில் இருந்த ஆயில் பாத்தில் இறக்கி 30 நிமிடம்.

சூடேறும்போது வெள்ளையாகக் கெட்டித்து ஸ்டிரர் நின்றுபோனது. பிறகு தானே உருகி மஞ்சள் பாகாக மாறியது. கண்டென்சரின் உள்சுவரில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஆறியதும் உடைத்துப் பொடியாக்கி, எதுவும் கழுவாமல், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 3 மிமீ இடைவெளியில் உருக்கி ஊற்றி, 180 டிகிரி ஓவனில் நேரே 3 மணி நேரம். கண்ணாடிக்கு சிலிக்கான் ஸ்பிரே அடித்திருந்தது.

வந்தது பணியாரம். உப்பி, உள்ளே முழுக்க ஓட்டை. ஒரே ஒரு தகடு ஓரளவு தெளிவாக வந்தது. ஓவனிலிருந்து வெளியே எடுத்ததும் மூலையிலிருந்து விரிசல் ஓடி, கண்ணாடியையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது.

டிஎஸ்சி (சூடேற்றும்போது வெளிவரும் வெப்பத்தை அளக்கும் சோதனை), நிமிடத்துக்கு 10 டிகிரி: உச்சம் 206 டிகிரி, வெப்பம் 185 ஜூல்/கிராம். மூலக்கூறின் ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்எம்ஆரில் மூடிய வளையத்துக்கான 5.35, 4.6 பிபிஎம் இரண்டும் உள்ளன. அவை தவிர 4.9-இல் ஒரு சின்னக் கூர்முனை, 3.7 முதல் 4.3 வரை அகலமான மேடு.

இதே மோனோமரைக் கரைத்து மைல்டு ஸ்டீல் துண்டுகளில் பூசியபோது படலம் அங்கங்கே வட்டமாக விலகி உலோகம் தெரிகிறது. இரண்டு கேள்விகள். ஒன்று, தப்பு தயாரிப்பிலா, வார்ப்பிலா? இரண்டு, நெகிழ்வுக்காக முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து வரும் கார்டனால் சேர்த்தால் விரிசல் நிற்குமா? ஆதனக்கோட்டைப் பக்கம் ஓட்டு எண்ணெய் கிடைக்கும் என்கிறார்கள்.

---

பதில் 1: ஆத்தங்குடி_கல்

இரண்டிலும் தப்பு இருக்கிறது தம்பி. ஆனால் முதல் தப்பு தராசிலேயே ஆரம்பித்துவிட்டது.

வினையின் கணக்கு: பிஸ்பீனால்-ஏ 1 மோல், அனிலின் 2 மோல், ஃபார்மால்டிஹைடு 4 மோல். வெளியேறும் தண்ணீர் 4 மோல். 0.1 மோல் அளவுக்கு பிஸ்பீனால்-ஏ 22.83, அனிலின் 18.63, ஃபார்மால்டிஹைடு 12.01 கிராம். காகிதத்தில் உங்கள் எண்கள் சரி. ஆனால் பாட்டிலில் இருக்கும் பாராஃபார்மால்டிஹைடு 100 சதவீதம் அல்ல. லேபிளில் 95 என்று இருந்தால் 12.64 கிராம் எடுக்க வேண்டும். அதற்கு மேல், கண்டென்சரில் படிந்த வெள்ளைப் பொடி வேறு எதுவுமல்ல, சிதைந்து ஆவியாகி மேலே போய் மறுபடி பாலிமராகப் படிந்த அதே பாராஃபார்மால்டிஹைடு. 120 டிகிரி பாத்தில் நேரே இறக்கினால் அனிலினோடு சேரும் முன்பே ஒரு பங்கு மேலே ஓடிவிடும். ஆக இரண்டு வழியிலும் ஃபார்மால்டிஹைடு குறைந்தது. அது குறைந்தால் வளையம் மூடாது, ஃபீனால் முனைகள் சும்மா நிற்கும். 95 சதவீதச் சரக்கு என்றால் 13.1 கிராம் போடுங்கள், மேலே படிவதை அவ்வப்போது தட்டிக் கீழே இறக்குங்கள்.

நடுவில் வந்த வெள்ளைக் கட்டி பயப்பட வேண்டியதல்ல. அனிலினும் ஃபார்மால்டிஹைடும் முதலில் சேர்ந்து ட்ரைஃபினைல் ஹெக்ஸாஹைட்ரோ ட்ரையசின் என்ற ஆறு உறுப்பு வளையத்தைக் கட்டும். அது திடப்பொருள், 140 டிகிரியைத் தாண்டித்தான் தனியாக உருகும். ஃபீனாலும் மிச்ச ஃபார்மால்டிஹைடும் அதைத் தாக்கித் திறந்த பிறகுதான் பென்ஸாக்ஸசின் வளையம் வரும். அந்த நேரத்தில் ஸ்டிரர் நின்றால் கட்டியின் நடுப்பகுதிக்கு ஃபீனால் போய்ச் சேராது. உங்கள் 4.9 பிபிஎம் கூர்முனை அந்த மிச்ச ட்ரையசின். 3.7 முதல் 4.3 வரை இருக்கும் மேடு, திறந்துபோன வளையங்களின் மேனிக் பாலங்கள் (நைட்ரஜன் வழியான இணைப்புகள்). அதாவது வேகாததும் இருக்கிறது, தீய்ந்ததும் இருக்கிறது, ஒரே குடுவையில்.

இந்த அளவுக்கு மேக்னட் போதாது. மேலிருந்து சுற்றும் மெக்கானிக்கல் ஸ்டிரர் வேண்டும். அது இல்லாவிட்டால் கரைப்பான் இல்லாத முறையை விட்டுவிட்டு டொலுயீனுக்கு மாறுங்கள்.

டொலுயீன் முறை இப்படி. 250 மிலி மூன்று கழுத்துக் குடுவையில் பாராஃபார்மால்டிஹைடும் 70 மிலி டொலுயீனும். ஐஸ் பாத்தில் 10 டிகிரிக்குக் கீழே வைத்து அனிலின் 18.2 மிலியைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே. அரை மணி கழித்து பிஸ்பீனால்-ஏ. 80 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு டீன்-ஸ்டார்க் (ஆவியோடு வரும் தண்ணீரைப் பிரித்துச் சேர்க்கும் பொறி) பொருத்தி டொலுயீன் கொதிக்கும் 110-இல் நான்கு, ஐந்து மணி நேரம். பொறியில் சேரும் தண்ணீர்தான் உங்கள் கடிகாரம். 0.1 மோலுக்கு 7.2 மிலி வர வேண்டும். 95 சதவீதச் சரக்கின் ஈரத்தையும் சேர்த்தால் 7.8 பக்கம். 5 மிலியில் நின்றுபோனால் வினை முடியவில்லை. தண்ணீர் வருவது நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று ராத்திரி முழுக்க ஓட்டுவதும் கெடுதல்: மூடிய வளையங்கள் மிச்ச ஃபீனாலின் உதவியால் திறக்க ஆரம்பிக்கும்.

அந்த 7.2 கிராம் தண்ணீரைக் கரைப்பான் இல்லாத முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 46 கிராம் ரெசினுக்கு 7 கிராம் தண்ணீர். பாகு கெட்டியாக இருப்பதால் அதில் ஒரு பங்கு உள்ளேயே நின்றுவிடும். அதைத்தான் 180 டிகிரி ஓவனில் வைத்தீர்கள். பணியாரம் வராமல் என்ன வரும்.

கழுவுதல்: டொலுயீன் கரைசலை 40 டிகிரி வெதுவெதுப்பில் பிரிபுனலுக்கு மாற்றி, 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மிலி வீதம் மூன்று தடவை. பிறகு பிஎச் தாள் 7 காட்டும்வரை தண்ணீர். டொலுயீன் மேலடுக்கு. குளோரோஃபாமில் கரைத்துக் கழுவினால் அது கீழடுக்கு. முறை மாறும்போது தப்பான அடுக்கைக் கொட்டிவிடாதீர்கள். எத்தில் அசிட்டேட் வேண்டாம், காரத்தில் அதுவே உடையும். நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, ரோட்டாவேப்பரில் 60 டிகிரிக்கு மேல் போகாமல் இறக்கி, பொடித்து, வேக்குவம் ஓவனில் 60 டிகிரியில் 24 மணி நேரம். டிஜிஏ-வில் (சூடேற்றி எடை குறைவதை அளக்கும் சோதனை) 150 டிகிரிக்குள் 1 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் டொலுயீன் இன்னும் போகவில்லை.

அனிலின் தோல் வழியே ரத்தத்துக்குள் போகும். உதடும் நகமும் நீலம் பாயும். மெல்லிய நைட்ரைல் கையுறை அனிலினுக்கு நீண்ட நேரம் தாங்காது, பியூட்டைல் ரப்பர்தான் சரி. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய்க் காரணி. எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள்.

---

பதில் 2: கோட்டையூர்_கெமிஸ்ட்

தயாரிப்பை மேலே அண்ணன் முழுசாகச் சொல்லிவிட்டார். டிஎஸ்சி பற்றி ஒன்று சேர்க்கிறேன், பிறகு வார்ப்புக்கு வருகிறேன்.

206-இல் உச்சம் வந்ததைப் பார்த்து "சீக்கிரம் வினைபுரிகிறது, நல்ல சரக்கு" என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது அசுத்தத்தின் அடையாளம். சுதந்திரமான ஃபீனால் இந்த வினைக்கு வினையூக்கி; அது இருக்கும்வரை உச்சம் கீழே வரும். காரத்தில் கழுவிய பிஏ-ஏ 230 முதல் 250 வரை காட்டும். உச்சத்தைவிட வெப்பத்தின் அளவைப் பாருங்கள். சுத்தமான மோனோமர் கிராமுக்கு 300 ஜூல் பக்கம் தரும். உங்களுடையது 185. மூடிய வளையம் திறக்கும்போது வருவதுதான் அந்த வெப்பம் என்பதால், ஓவனுக்குப் போகும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளையம் இல்லை என்று அர்த்தம். என்எம்ஆரிலும் அதையே சரிபார்க்கலாம்: 5.35-இல் நான்கு புரோட்டான், 4.6-இல் நான்கு, 1.6 பக்கம் மெத்தில் ஆறு. விகிதம் 4:4:6. மெத்திலை 6 என்று வைத்தால் 5.35 எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வளையம் போயிற்று.

இப்போது வார்ப்பு.

முதலில் காற்றை எடுப்பது. உருக்கிய உடனே அச்சில் ஊற்றக்கூடாது. பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், வேக்குவம் ஓவனில் 115–120 டிகிரியில் வைத்து, வேக்குவத்தை மெதுவாக ஏற்றுங்கள். பால் பொங்குவதுபோல் எழும்பும். எழும்பும்போது வால்வை லேசாகத் திறந்து அடக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். நுரை அடங்கித் தெளிவான தேன் நிறம் வர 30 முதல் 60 நிமிடம். அச்சும் 100 டிகிரியில் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் சுவரோரம் கெட்டித்து, காற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சூட்டு வரிசை, 3 மிமீ தகடுக்கு: 140-இல் 1 மணி, 160-இல் 2, 180-இல் 2, 200-இல் 2. படிகளுக்கிடையே நிமிடத்துக்கு 1 டிகிரி. நேரே 180-க்குப் போனால் வளையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து, வெளிவரும் வெப்பம் நடுப்பகுதியிலேயே தேங்கும். ரெசின் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் பொருள். தகடு 10 மிமீக்கு மேல் தடித்தால் 160-ஐ 4 மணியாக நீட்டுங்கள், இல்லாவிட்டால் நடுவே கருகி ஓரம் மஞ்சளாக இருக்கும். 180-இல் நிறுத்திவிட்டால் எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) 945 அலையெண் பக்கம் உள்ள பென்ஸாக்ஸசின் பட்டை முழுக்க மறையாது. அது மறைய வேண்டும், 1495 தேய்ந்து 1480 பக்கம் புதியது வர வேண்டும். டிஎஸ்சியை இரண்டாம் முறை ஓட்டினால் மிச்ச வெப்பம் எதுவும் இருக்கக்கூடாது. கண்ணாடியாதல் வெப்பநிலை (கெட்டிப் பாலிமர் மென்மையாகத் தொடங்கும் சூடு), அதாவது டிஜி, 160–170 பக்கம் வரும். டிஎம்ஏ-வில் (சூடேற்றியபடி அதிரவைத்து விறைப்பை அளக்கும் சோதனை) டான் டெல்டா என்ற தணிப்பு அளவின் உச்சத்தை எடுத்தால் இன்னும் கொஞ்சம் மேலே காட்டும். ஆய்வுக்கட்டுரையோடு ஒப்பிடும்போது எதில் அளந்தது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கரண்டு போனால்? 160-க்குள் போயிருந்தால் மோனோமர் இன்னும் பெரும்பாலும் திரவம்தான், பயமில்லை. 180-இல் கெட்டித்த பிறகு போனால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். கரண்டு வந்ததும் ஓவன் முழு வேகத்தில் ஏறப் பார்க்கும். செட் பாயிண்டைக் கையால் கீழே இறக்கி, அங்கிருந்து நிமிடத்துக்கு 1 டிகிரியாக ஏற்றுங்கள்.

இனி அந்த மூலை விரிசல். பென்ஸாக்ஸசினுக்குச் "சுருக்கமே இல்லை" என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அது வினை நடக்கும்போது உள்ள சுருக்கம். வளையம் திறப்பதால் கிடைக்கும் இடம், பிணைப்பு இறுகுவதால் போகும் இடத்தை ஈடுகட்டும். ஆறும்போது வருகிற சாதாரண வெப்பச் சுருக்கம் எங்கும் போகவில்லை. கணக்குப் போடுங்கள். கெட்டித்த பிஏ-ஏவின் வெப்ப விரிவு டிகிரிக்கு மில்லியனில் 58 பங்கு. சாதாரணக் கண்ணாடி 9, இரும்பு 12. டிஜி 165 என்று வைத்தால் அங்கிருந்து அறை வெப்பம் 30 வரை 135 டிகிரி இறக்கம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வித்தியாசம் 49. 135-ஆல் பெருக்கினால் 0.66 சதவீத இழுவை. இந்தப் பாலிமர் அறுந்துபோகும் இழுவையே 1.3 சதவீதம்தான். இழுவை மாடுலஸ் 5.2 கிகாபாஸ்கல், வலிமை 64 மெகாபாஸ்கல், விறைப்பு அதிகம், வளைந்து கொடுக்காது. ஆக வேறு எந்தச் சுமையும் இல்லாமலே பாதித் தாங்குதிறன் தீர்ந்துவிட்டது. மூலையில் ஒரு குமிழி இருந்தால் அது போதும்.

ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்கள் கண்ணாடியில் சாயமும் சிமென்ட்டும் ஊற்றுவார்கள். காய்ந்ததும் கல் தானே கண்ணாடியை விட்டுவிடும், பளபளப்பும் கண்ணாடியிலிருந்து வந்துவிடும். அந்த நம்பிக்கையில் ரெசினை ஊற்றக்கூடாது. ஃபீனால் ஓஎச் நிறைந்த இந்தச் சரக்கு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், விடாது. இரண்டு பக்கமும் டெஃப்லான் தாளோ, பாலிஇமைடு படலமோ விரியுங்கள். நடுவே இடைவெளிக்கு சிலிக்கான் ரப்பர் வளையம். 200 முடிந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, கதவை மூடியபடியே, முடிந்தால் நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மிகாமல் 50 வரை இறங்க விடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தது உங்கள் தகட்டின் விரிசலில் பாதிப் பங்கு.

நன்றாக வந்த தகடு எப்படி இருக்கும் என்றால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நன்னாரி சர்பத் நிறத்தில், தெளிவாக. கலங்கலாக இருந்தால் நுண்குமிழி. மேல்தோல் மட்டும் கருப்பு என்றால் காற்றில் ஆக்சிஜனேற்றம். வார்ப்பின் உட்பகுதிக்கு அதனால் கேடில்லை, உப்புத்தாள் போட்டால் போய்விடும்.

---

பதில் 3: தேவகோட்டை_ரஸ்தா

பூச்சுக்கு வருகிறேன். வட்டமாக விலகி உலோகம் தெரிகிறது என்கிறீர்களே, அது மீன்கண். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கு: கண்ணாடிக்கு அடித்த சிலிக்கான் ஸ்பிரே. அதே ஓவன், அதே மேசை, அதே கையுறையில்தான் இரும்புத் துண்டும் வந்திருக்கும். சிலிக்கான் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் ரெசின் அதைச் சுற்றி விலகி ஓடும். ஓவனின் உட்சுவரை டொலுயீன் துணியால் துடையுங்கள், 220-இல் காலியாக ஓட்டுங்கள், பூச்சுத் துண்டுகளுக்கு ஸ்பிரேயே வேண்டாம். டொலுயீன் ஆவி முழுக்கப் போன பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும்.

இரும்புத் தயாரிப்பு: 220, 400, 600 எமரி தாள் வரிசையாக. பட்டறையில் மணல் வீச்சு கிடைத்தால் எஸ்ஏ 2½ தரம் (துரு ஏறக்குறைய முழுக்கப் போன சுத்தம்) வரை. அசிட்டோனில் கழுவி, சூடான காற்றில் உலர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் உலர்ந்துதான் கிடக்கும் என்று விட்டுவிடாதீர்கள், ஐப்பசி மழையில் பத்து நிமிடத்தில் செம்மை தட்டிவிடும். கரைசல் 25 சதவீதம். டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) வேண்டாம், காற்றின் ஈரத்தை இழுக்கும், ஆறும்போது படலம் வெளுத்துப்போகும். மெத்தில் எத்தில் கீட்டோனும் டொலுயீனும் சமபங்கு போதும். துண்டை முக்கி, நிமிடத்துக்கு 10 செமீ வேகத்தில் சீராக எடுத்து, ஒரு மணி நேரம் காற்றில், 80-இல் 1, 120-இல் 1, 160-இல் 1, 180-இல் 2. ஒரே முக்கலில் தடிப்பாகப் போகாமல் இரண்டு முக்கல். முதல் படலத்தை 140-இல் ஒரு மணி நேரம் வாட்டிவிட்டு இரண்டாவது. முழுக்க இறுக்கிய படலத்தின் மேல் அடுத்தது பிடிக்காது. மொத்தம் 30 மைக்ரான் பக்கம். துண்டின் விளிம்பைச் சற்று உருட்டித் தேய்த்துவிடுங்கள். கூர்விளிம்பில் படலம் நிற்காது, துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு விஷயத்தில் முதல் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. பூச்சுக்கு காரத்தில் கழுவித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மிச்ச ஃபீனால் ஆலிகோமர்கள் (சில மோனோமர்கள் மட்டும் சேர்ந்த குட்டைச் சங்கிலிகள்) இருந்தால் 180-இலேயே இறுகும், இரும்போடு பிடிப்பும் நன்றாக இருக்கும். சந்தையில் விற்கும் பென்ஸாக்ஸசின் ரெசின்களிலும் ஆலிகோமர் உண்டு. போக வேண்டியது தண்ணீர், டொலுயீன், அனிலின் மூன்றும்தான். ஆனால் இறுகும் வெப்பத்தைக் குறைக்கிறேன் என்று பாரா-டொலுயீன் சல்ஃபோனிக் அமிலமோ அடிபிக் அமிலமோ சேர்க்காதீர்கள். வார்ப்புக்கு அது வேலை செய்யும். இரும்புப் பூச்சுக்குள் அமிலத்தை நீங்களே வைப்பது திருடனைத் திண்ணையில் படுக்க வைப்பது மாதிரி.

சோதனை: 3.5 சதவீத உப்பு நீரில் மின்வேதி மின்மறுப்பு, அதாவது படலம் மாறுமின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. 0.01 ஹெர்ட்ஸில் மதிப்பு 10-இன் 9-ஆம் அடுக்கு ஓம் சதுர செமீ இருந்தால் படலம் முழுமையானது. 6-ஆம் அடுக்குக்குக் கீழே போனால் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் உலோகத்தைத் தொட்டுவிட்டது. முதல் நாள் அளவை மட்டும் வைத்துப் பேசக்கூடாது, ஒன்று, ஏழு, முப்பது நாள் என்று வரிசையாக எடுக்க வேண்டும். 1953-இலிருந்து சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உப்புக் கரைசலில் போட்டுக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு "துரு வரவில்லை" என்று எழுதினால் எந்தத் தேர்வாளரும் ஏற்கமாட்டார்.

---

ஆத்தங்குடி_கல்

பூச்சுக்குக் கழுவாமல் விடலாம் என்பது சரி, ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: கழுவாத சரக்கை நாள்பட வைக்க முடியாது. ஃபீனால் இருக்கும்வரை பாட்டிலுக்குள்ளேயே மெல்ல வளையம் திறந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் அறை 40-ஐத் தொட்டால் பொடி மென்மையாகி ஒரே கட்டியாகிவிடும். ஃப்ரிட்ஜில் வையுங்கள்; எடுக்கும்போது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மூடியைத் திறங்கள். குளிரோடு திறந்தால் ஈரம் உள்ளே இறங்கும், பிறகு மறுபடி குமிழி.

---

பள்ளத்தூர்_ரெசின்

நன்றி அண்ணே. டொலுயீன் முறையில் பொறியில் 7.5 மிலி வந்தது. கழுவி உலர்த்திய சரக்கு 38 கிராம், 46.3-க்கு 82 சதவீதம். டிஎஸ்சி உச்சம் 238, வெப்பம் 292. 4.9 கூர்முனை இல்லை. டெஃப்லான் தாளோடு வார்த்த தகட்டில் குமிழி இல்லை, கண்ணாடியும் தப்பித்தது. ஆனால் மாதிரித் துண்டு அறுக்கும்போது ஓரம் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது. கார்டனால் கேள்வி அப்படியே நிற்கிறது. மேலும், இவ்வளவு ஃபீனால் ஓஎச் இருந்தும் தண்ணீர் உறிஞ்சுவது குறைவு என்கிறார்களே, ஏன்?

---

கோட்டையூர்_கெமிஸ்ட்

தண்ணீர் கேள்விக்கு முதலில். இறுகிய பாலிமரில் ஒவ்வொரு ஃபீனால் ஓஎச்சுக்கும் ஒரு கார்பன் தள்ளி மேனிக் நைட்ரஜன் இருக்கிறது. ஓஎச்சின் ஹைட்ரஜன் அந்த நைட்ரஜனோடு கைகோத்து ஆறு உறுப்பு வளையம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் தண்ணீருக்குக் கொடுக்கக் கை மிச்சமில்லை. பிஏ-ஏ நீண்ட நாள் ஊறினாலும் 2 சதவீதத்துக்குள்தான் ஏறும். ஒத்த ஃபீனாலிக், எபாக்சி ரெசின்கள் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். மேற்பரப்பு ஆற்றல் குறைவாக இருப்பதற்கும் இதே காரணம். சில பென்ஸாக்ஸசின்களில் அது டெஃப்லானைவிடக் கீழே போகும்.

அறுக்கும்போது தெறிப்பது இந்தப் பாலிமரின் குணம், உங்கள் தப்பு அல்ல. கார்பைடு பல் வேண்டாம், வைரத்தூள் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி மெதுவாக அறுங்கள். அறுத்த ஓரத்தை 600 தாளில் தேய்க்காமல் வளைவுச் சோதனைக்குப் போகாதீர்கள். ஓரச் சில்லு ஒன்று வலிமையைப் பாதியாகக் காட்டிவிடும்.

குணத்தையே மாற்ற வேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று, பிஸ்பீனால்-ஏ எபாக்சி 20 முதல் 30 சதவீதம். வளையம் திறந்து வரும் ஃபீனால் ஓஎச் எபாக்சியைத் திறக்கும், குறுக்குப் பிணைப்பு கூடும். டிஜி குறைவதற்குப் பதில் ஏறும், முறியும் இழுவையும் கூடும். விலை என்னவென்றால் டிஎஸ்சி உச்சம் மேலே போகும், 200-இல் 2 மணி போதாது, கடைசியில் 220-இல் ஒரு மணி சேர்க்க வேண்டும். இரண்டாவது வழி கார்டனால். அதை ரஸ்தா அண்ணன் சொல்லட்டும்.

---

தேவகோட்டை_ரஸ்தா

கார்டனாலைச் சும்மா ஊற்றிக் கலக்கக்கூடாது. சும்மா ஊற்றினால் அது இன்னொரு ஃபீனால், இறுகுவதை விரைவுபடுத்திவிட்டு வலையில் ஒரு முனையில் மட்டும் தொங்கும். முதலில் அதையும் பென்ஸாக்ஸசின் ஆக்க வேண்டும்.

முதலில் சரக்கு. வறுத்து உடைக்கும் இடத்தில் கிடைக்கும் கருப்பு ஓட்டு எண்ணெய் உதவாது. வறுக்கும் சூட்டில் பாதி பாலிமராகியிருக்கும், கார்டால் என்ற இரட்டை ஓஎச் சேர்மமும் கலந்திருக்கும், கணக்கு உதைக்கும். தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பது முந்திரி உடைக்கிற கைகளுக்குத் தெரியும். வேக்குவத்தில் வடித்த கார்டனால் வாங்குங்கள், வைக்கோல் நிறம். ஹைட்ராக்சில் எண்ணை (ஓஎச் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) அளந்துகொள்ளுங்கள்: கிராமுக்கு 187 மிகி பொட்டாஷ் வந்தால் மூலக்கூறு எடை 300. அதற்கு மேல் நன்றாக ஏறினால் கார்டால் இருக்கிறது.

0.1 மோலுக்கு கார்டனால் 30 கிராம், அனிலின் 9.3, பாராஃபார்மால்டிஹைடு 95 சதவீதம் என்றால் 6.3. இங்கே விகிதம் 1:1:2. தண்ணீர் 3.6 மிலி. மற்றபடி அதே டொலுயீன் முறை. வருவது சிவப்புப் பழுப்புத் திரவம், திடமாகாது.

கழுவும்போது கவனம். 1 நார்மல் காரத்தை ஊற்றிக் குலுக்கினால் பிரிபுனல் முழுக்க மோர் மாதிரி ஆகி, மறுநாள் காலைவரை பிரியாது. கார்டனாலின் பதினைந்து கார்பன் வாலும் சோடியம் ஃபீனாக்சைடு தலையும் சேர்ந்தால் அது சோப்பு. அதனால் காரம் வேண்டாம். 5 சதவீத சோடியம் பைகார்பனேட்டில் நிறைசெறிவுக்குக் கொஞ்சம் குறைய உப்பைக் கரைத்து, குலுக்காமல் புனலைச் சாய்த்துச் சாய்த்து இரண்டு தடவை. பிறகு வெறும் உப்பு நீர். ஏற்கெனவே மோராகிவிட்டால் கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டு 50 டிகிரி தண்ணீரில் புனலை நிற்க வையுங்கள். இந்தக் கழுவலில் எதிர்வினை புரியாத கார்டனால் போகாது. என்எம்ஆரில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், 5 சதவீதத்துக்குள் இருந்தால் விடலாம்.

கலவை: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். இரண்டையும் 100 டிகிரியில் உருக்கிக் கலக்குங்கள். பாகு இளகும், அச்சில் சுலபமாக ஓடும், வேக்குவத்தில் நுரை சீக்கிரம் அடங்கும். அறுக்கும்போது தெறிப்பதும் குறையும். ஆனால் கார்டனால் பென்ஸாக்ஸசினுக்கு ஒரே வளையம்தான், நீண்ட வால் வலையை விலக்கி வைக்கும். தனியாக இறுக்கினால் அறை வெப்பத்துக்குக் கொஞ்சம் மேலேயே மென்மையாகிவிடும் சரக்கு அது. 10 சதவீதத்துக்கே டிஜி சில டிகிரி இறங்கும், 30-க்குப் போனால் 160-ஐ மறந்துவிட வேண்டும். இரும்புப் பூச்சுக்கு 15 நல்லது, அறை வெப்பத்தில் நிற்கப்போகும் படலத்துக்கு டிஜி 140 இருந்தாலே தாராளம். வளைவுச் சோதனைத் தகடுக்கு எபாக்சி வழியே மேல்.

இன்னொன்று: வாலில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் 180-க்கு மேல் காற்றில் தாமும் இணையும். மெல்லிய படலத்தில் அது உதவி, மேல்தோல் இறுகும். தடித்த வார்ப்பில் மேலே கெட்டி, உள்ளே மென்மை என்று இரண்டு மாதிரி ஆகிவிடும். தகடு வார்ப்பதென்றால் நைட்ரஜன் ஓட்டமோ, இரண்டு பக்கமும் மூடிய அச்சோ வைத்துக்கொள்ளுங்கள்.

---

பள்ளத்தூர்_ரெசின்

தகடுக்கு எபாக்சி 25 சதவீதம், பூச்சுக்கு கார்டனால் 15 சதவீதம் என்று தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறேன். எபாக்சி கலவையில் 140-இல் ஒரு மணி நேரம் என்ற முதல் படி அப்படியே இருக்கலாமா?

---

கோட்டையூர்_கெமிஸ்ட்

அந்தப் படி காற்று வெளியேறத்தான், இருக்கட்டும். 160-ஐ மட்டும் 3 மணியாக்குங்கள். 180-க்குப் போகும் முன் ஓர ரெசினை ஊசியால் தொட்டுப் பாருங்கள். நூல் இழுத்தால் இன்னும் அரை மணி.